புரூம்பால்: புதிதாக ஆட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புரூம்பால் என்றால் என்ன?

ஐஸ் ஹாக்கி ஆடும் அதே பனித்தளத்தில், ஸ்கேட் இல்லாமல், ஷூ போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம். ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் 'பக்' என்ற தட்டையான வட்டு கிடையாது, உருண்டைப் பந்து. ஹாக்கி மட்டைக்குப் பதில் துடைப்பம் போன்ற ஒரு தடி. எதிரணியின் வலைக்குள் அதிகமுறை பந்தைத் தள்ளிய அணி வெல்லும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். பனியில் கால் வைத்த பிறகுதான் தெரியும், நாம் ஒன்று நினைக்க நம் கால்கள் வேறொன்று நினைக்கும் என்பது.

நிஜமாகவே துடைப்பத்தாலா ஆடுகிறார்கள்?

ஒரு காலத்தில் அப்படித்தான். வீட்டில் கூட்டுகிற துடைப்பத்தை எடுத்து, நார்களைக் கட்டையாக வெட்டி, டேப்பால் இறுக்கிச் சுற்றி ஆடினார்கள். அடிக்க அடிக்க நார் பிய்ந்துபோகும், டேப் கிழியும். பிற்பாடு நார்களுக்குப் பதில் ரப்பர் தலை வந்தது, அப்புறம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலை. இன்றைய தலை முக்கோணம் போல, கீழே அகன்று மேலே குறுகி இருக்கும். துடைப்பத்தின் சாயல் அந்த வடிவத்தில் மட்டும்தான் மிச்சம். காம்பு மரத்திலோ அலுமினியத்திலோ கார்பன் கலந்த இழைப்பொருளிலோ இருக்கும். கடைசி வகையின் விலையைப் பார்த்தால் விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்ற பழமொழி ஞாபகம் வரும். புதிதாக ஆடுபவருக்கு அது வேண்டாம், மரக்காம்பே போதும்.

ஆடுபவர்கள் இதை 'புரூம்' என்றும் சொல்வார்கள், 'ஸ்டிக்' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே.

கர்லிங்கிலும் பனியைத் துடைக்கிறார்களே, அதுவா இது?

இல்லை. கர்லிங்கில் ஒரு கனமான கல் வழுக்கிப் போகும். அதன் முன்னால் பனியைத் தேய்த்து அதன் போக்கை மாற்றுவார்கள். புரூம்பாலில் யாரும் எதையும் துடைப்பதில்லை. பெயரால் வந்த குழப்பம், அவ்வளவுதான்.

எங்கே, எப்போது தொடங்கியது?

கனடாவில் தொடங்கியது என்பதில் பெரிய சண்டை இல்லை. கனடாவில் எந்த ஊர் என்பதில்தான் சண்டை. சஸ்காட்சவான் மாகாணத்தில் உள்ள பெர்டியூ என்ற சிற்றூரில் 1909 மார்ச்சில் நடந்த ஆட்டம்தான் பழைய எழுத்துப் பதிவாகக் காட்டப்படுவது. டொராண்டோவின் டிராம் ஊழியர்கள்தான் முதலில் ஆடினார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பனி உறைந்த குளமும் ஒரு துடைப்பமும் ஒரு பந்தும் சும்மா இருக்கிற நாலு பேரும் எங்கெல்லாம் இருந்தார்களோ, அங்கெல்லாம் இது தனித்தனியாகவே பிறந்திருக்கும்.

கனடாவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் மினசோட்டாவில் வேரூன்றியது. இன்றைக்கு ஜப்பான், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ் போன்ற நாடுகளிலும் அணிகள் உண்டு. கியூபெக்கில் பிரெஞ்சு பேசுபவர்கள் இதை 'பாலோன் பலே' என்பார்கள். பந்து, துடைப்பம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்த பெயர்.

எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. ஆடலாமா?

தாராளமாக. இந்த ஆட்டத்தின் அழகே அதுதான். ஐஸ் ஹாக்கிக்கு வரவேண்டுமானால் முதலில் ஸ்கேட்டிங் பழக வேண்டும். சின்ன வயதில் தொடங்காதவருக்கு அதற்கே ஒன்றிரண்டு வருடம் போய்விடும். புரூம்பாலில் முதல் நாளே பந்தைத் தொடலாம், முதல் நாளே கோலும் போடலாம். நடக்கவும் ஓடவும் தெரிந்தால் போதும்.

ஐஸ் ஹாக்கி ஆடுபவர்கள் வந்தால் நம்மை ஊதித் தள்ளிவிடுவார்களே?

முதல் பத்து நிமிடம் அவர்களும் நம்மைப் போலத்தான் தடுமாறுவார்கள். அவர்களின் கால்களுக்குப் பழகியது பிளேடு. பிளேடைக் குறுக்கே திருப்பினால் நின்றுவிடலாம். ஷூவைக் குறுக்கே திருப்பினால் அதே வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருப்போம். ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது பாஸ் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அது கொஞ்ச நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். கால்பந்து, தரை ஹாக்கி ஆடியவர்களுக்கும் அந்தச் சாதகம் உண்டு.

என்ன ஷூ போடுவது? ஓடுகிற ஷூவே போதாதா?

ஒரு நாள் ஆடிப்பார்க்கப் போதும். அடிப்பாகம் மென்மையான ரப்பராக, தட்டையாக இருந்தால் நல்லது. தொடர்ந்து ஆடுவதென்றால் முதலில் வாங்க வேண்டியது புரூம்பால் ஷூதான். ஸ்டிக்கை யாரிடமாவது இரவல் வாங்கலாம், நம் காலுக்குச் சரியான ஷூவை இரவல் வாங்க முடியாது.

அந்த ஷூவில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். அடிப்பாகம் ஸ்பாஞ்ச் போல மெத்தென்று இருக்கும். அதில் சின்னச் சின்ன மேடுகள் நெருக்கமாக இருக்கும். பனியின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் நுணுக்கமான மேடுபள்ளங்கள் உள்ளது. மென்மையான ரப்பர் அவற்றில் அமுங்கிப் பதிந்து பிடித்துக்கொள்ளும். கெட்டியான ரப்பர் மேடுகளின் நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கிவிடும். குளிர ஆரம்பித்தால் ரப்பர் இறுகும், பிடி குறையும். அதனால் ஷூவை இரவெல்லாம் குளிர்ந்த காரில் போட்டுவைத்துவிட்டு ஆட்டத்துக்கு அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆட்டத்துக்கு வெளியே, தார் ரோட்டில் இந்த ஷூவோடு நடக்கவும் கூடாது. மணலும் தூசியும் மேடுகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டால் பிடி போச்சு.

ஆணி, இரும்புப் பல் வைத்த ஷூக்கள் அறவே கூடாது. பனித்தளம் கெட்டுவிடும், விழுந்து கிடப்பவர் கையில் ஏறினால் அதைவிட மோசம்.

பனி ஏன் வழுக்குகிறது? எல்லா நாளும் ஒரே மாதிரி வழுக்குமா?

நம் எடையின் அழுத்தத்தில் பனி உருகுவதால் வழுக்குகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அகலமான ஷூ தரும் அழுத்தம் ரொம்பக் குறைவு. அந்த விளக்கம் மட்டும் சரியாக இருந்தால் புரூம்பாலில் யாரும் விழவே கூடாது. பனியின் மேல்தோலில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல இறுக்கிப் பிடிபட்டு இல்லை. அவை தளர்ந்து நகரக்கூடியவை, அவற்றின் மீதுதான் நாம் வழுக்குகிறோம். உராய்வு மிகக் குறைவாக இருப்பது சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸில். அதைவிடக் குளிர்ந்து போகப் போக அந்த மூலக்கூறுகளின் நகர்வு குறைந்து பிடி கூடும்.

இதைவிட முக்கியமான விஷயம், தளத்தைப் புதுப்பிக்கும் வண்டி எப்போது போனது என்பது. அது போன கையோடு தண்ணீர்ப் படலம் முழுக்க உறையாமல் இருக்கும்போது இறங்கினால், எண்ணெய் கொட்டிய தரையில் ஓடுவது போலத்தான். ஸ்கேட்டர்கள் கீறிவிட்டுப் போன, கொஞ்சம் பொடிப்பனி படிந்த தளம் நமக்குச் சொர்க்கம். ஹாக்கிக்காரர்கள் முகம் சுளிக்கும் பனியில் நாங்கள் சந்தோஷமாக ஆடுவோம்.

வேறு என்னென்ன வேண்டும்?

ஹெல்மெட். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஐஸ் ஹாக்கி ஹெல்மெட் போதும், முகக் கம்பிவலை உள்ளது இன்னும் நல்லது. முழங்கால், முழங்கை காப்பு, முன்கால் எலும்பை மறைக்கும் பேட், கையுறை. ஆண்கள் இடுப்புக் காப்பை மறக்க வேண்டாம். பந்து காற்றடைத்ததுதான், ஆனால் வேகமாக வந்து பட்டால் அந்த வாதமெல்லாம் ஞாபகம் இருக்காது.

ஸ்டிக்கை நிமிர்த்தி வைத்தால் உங்கள் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் வரட்டும். ரொம்ப நீளமானால் பந்து காலுக்கருகில் வரும்போது தடுமாறுவீர்கள். பந்தின் விட்டம் ஏறக்குறைய 6 அங்குலம். உடைக்குள் பஞ்சு பஞ்சாகத் திணிக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம்தான் குளிரும், பிறகு வியர்த்துக் கொட்டும்.

பனியில் ஓடுவது எப்படி?

ஓட்டத்தைவிட நிற்பதைத்தான் முதலில் பழக வேண்டும் என்பது என் கட்சி. புதியவர்கள் எல்லோரும் வேகமாக ஓடத்தான் ஆசைப்படுகிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் ஓடினேன். பந்தைத் தாண்டி, கோலைத் தாண்டி, தளத்தைச் சுற்றியுள்ள ஓரப் பலகையில் போய்த்தான் நின்றேன். பந்து எனக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. பந்துக்கு முதலில் ஓடிப்போகிறவரைவிட பந்து இருக்கும் இடத்தில் நிற்கத் தெரிந்தவர்தான் இங்கே கெட்டிக்காரர்.

சரி, செய்முறைக்கு வருவோம். முழங்கால்களை மடக்குங்கள், நாற்காலியில் பாதி உட்காரப் போகிறவர் மாதிரி. உடல் எடை முன்பாதத்தில் இருக்கட்டும். குதிகாலில் எடை போனால் அடுத்த நொடி மல்லாந்து விழுவீர்கள். அடிகள் குட்டையாக, அடுத்தடுத்து. தரையில் ஓடும்போது காலை நீட்டி வீசுகிறோமே, அதை மறந்துவிடுங்கள். கால் எப்போதும் உடம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஸ்டிக்கின் தலை பனியில் பட்டுக்கொண்டே இருந்தால் அது மூன்றாவது கால் போல உதவும்.

நிற்க வேண்டிய இடத்துக்கு நாலைந்து அடி முன்னாலேயே நிற்க ஆரம்பியுங்கள். இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, பொடிப்பொடி அடிகளாக வேகத்தைக் குறைக்கலாம். அல்லது ஒரு காலை முன்னே வைத்துப் பக்கவாட்டில் வழுக்கியபடி நிற்கலாம். திரும்பும்போது சட்டென்று வெட்டித் திரும்பாமல் வட்டமாகப் போங்கள். அனுபவசாலிகள் வழுக்கலையே ஆயுதமாக்குவார்கள். ஓடிவந்து, கால்களை நிறுத்தி, அந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே பந்தை அடிப்பார்கள். பார்க்க நடனம் மாதிரி இருக்கும். நாம் செய்தாலும் நடனம் மாதிரிதான் இருக்கும், வேறு வகையான நடனம்.

பந்து இல்லாமல், ஸ்டிக் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடுவரை ஓடி நிற்பதைப் பத்து தடவை செய்துபாருங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

விழாமல் ஆட வழி உண்டா?

கிடையாது. நன்றாக விழுவதற்கு வழி உண்டு. விழப்போவது தெரிந்ததும் இன்னும் தாழ்ந்துகொள்ளுங்கள், விழும் உயரம் குறையும். பக்கவாட்டில், தொடையும் இடுப்பும் முதலில் படும்படி விழுங்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். மல்லாந்து விழுந்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பின்மண்டை பனியில் மோதாது. ஸ்டிக் காற்றில் சுழலாமல் தரையோடு கிடக்கட்டும். விழுந்தவுடன் விரல்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சீக்கிரம் எழுந்திருங்கள்.

ஒரு அணியில் எத்தனை பேர்?

களத்தில் 6 பேர். ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாளர்கள், மூன்று முன்கள வீரர்கள். வெளியே மாற்று வீரர்கள் காத்திருப்பார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வெளியே மாறிக்கொள்ளலாம், நடுவரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வெளியேறுகிறவர் பெஞ்சுக்கு அருகில் வந்த பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் முழு மூச்சாக ஆடிவிட்டு வந்து உட்காருவதுதான் முறை. "இன்னும் ஒரே ஒரு ஓட்டம்" என்று களத்திலேயே நிற்கும் ஆள் ஒவ்வொரு அணியிலும் ஒருவர் இருப்பார். அவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

ஆட்டம் பொதுவாக இரண்டு பாதி, ஒவ்வொன்றும் 20 நிமிடத்தை ஒட்டி இருக்கும். லீக்குக்கு லீக் மாறும்.

களமும் கோலும் எவ்வளவு பெரிது?

களம் ஐஸ் ஹாக்கி தளமேதான். வட அமெரிக்காவில் 200 அடி நீளம், 85 அடி அகலம். கோல் கொஞ்சம் பெரிது. ஹாக்கி கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் புரூம்பாலுக்கு உரியது 7 அடி அகலம், 5 அடி உயரம். பந்து பக்கைவிடப் பெரியது என்பதால் இது நியாயமே. பொழுதுபோக்கு ஆட்டங்களில் அங்கே கிடக்கிற ஹாக்கி கோலையே வைத்து ஆடிவிடுவார்கள்.

பந்தைக் காலால் உதைக்கலாமா? கையால் பிடிக்கலாமா?

உதைத்துப் பாஸ் கொடுக்கலாம். உதைத்துப் போடும் கோல் செல்லாது. உயரே வரும் பந்தைத் திறந்த கையால் தடுத்துக் கீழே போட்டுக்கொள்ளலாம். மூடிப் பிடிக்கவோ தூக்கிக்கொண்டு ஓடவோ கூடாது. கோல்கீப்பருக்கு மட்டும் விதிகள் தளர்வு. இது தவிர, எதையெல்லாம் சின்னக் குற்றமாகப் பார்ப்பது என்பதில் லீக்குகளுக்கிடையே வேறுபாடு உண்டு. சேரும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஃப்சைட் என்கிறார்களே, அது என்ன?

தளத்தின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு நீலக் கோடு. எதிரணியின் பக்கமுள்ள நீலக் கோட்டைப் பந்துக்கு முன்னால் நீங்கள் தாண்டினால் ஆஃப்சைட். இதுவரை ஐஸ் ஹாக்கி மாதிரிதான்.

வேறுபாடு இங்கே வருகிறது. பந்து நீலக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால், தாக்கும் பகுதி நடுச் சிவப்புக் கோடுவரை விரிந்துவிடும். பந்து நீலக் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டாலும் நீங்கள் அடித்துப் பிடித்து வெளியேற வேண்டாம். சிவப்புக் கோட்டைத் தாண்டி வந்தால்தான் கணக்கு மீண்டும் தொடங்கும். இதை மிதக்கும் நீலக் கோடு என்பார்கள். ஷூவில் சட்டென்று நின்று திரும்ப முடியாது என்பதால் இந்தச் சலுகை கைகொடுக்கிறது. ஹாக்கியிலிருந்து வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த ஒன்றில்தான்.

எதற்கெல்லாம் தண்டனை?

ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கினால், ஸ்டிக்கால் ஒருவரை அடித்தால், காலை இடறினால், இழுத்துப் பிடித்தால், பின்னாலிருந்து தள்ளினால். சின்னக் குற்றத்துக்கு 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், பெரியதற்கு 5 நிமிடம். அதுவரை உங்கள் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஸ்டிக்கை உயர்த்துவதில். சமநிலை தவறும்போது கை தானாக மேலே போகும், கையோடு ஸ்டிக்கும் போகும். வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் பக்கத்தில் நின்றவரின் முகத்துக்கு அது தெரியாது.

ஒருவரை ஒருவர் மோதிக்கொள்ளலாமா?

போட்டி ஆட்டங்களில் சில பிரிவுகளில் அனுமதி உண்டு. ஆண் பெண் கலந்த ஆட்டங்களிலும் புதியவர்கள் ஆட்டங்களிலும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நிற்க முடியாமல் வந்து மோதுகிறவரை எந்த விதியும் தடுத்துவிடாது. மோதியவர் மன்னிப்புக் கேட்பதும், அடிபட்டவர் சிரித்துக்கொண்டே எழுவதும் வழக்கம்.

பந்தைக் கட்டுப்படுத்துவதில் என்ன சிரமம்?

பக் தட்டையாக வழுக்கிப் போகும். பந்து உருளும், குதிக்கும், பலகையில் பட்டுத் துள்ளும். ஓடிக்கொண்டே தட்டித் தட்டி வித்தை காட்டுவது கடினம். அதனால் பந்தைத் தள்ளிக்கொண்டே போங்கள். ஸ்டிக்கின் தலை பந்தைவிட்டு அதிகம் விலக வேண்டாம். கண் பந்தில் பாதி, எதிரே பாதி.

பலகையை ஒரு சக வீரராக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் மறித்து நின்றால், பந்தைப் பலகையில் அடித்து அவரைத் தாண்டிச் சேர்க்கலாம். அடிப்பதில் தொடக்கத்துக்கு மணிக்கட்டுத் தள்ளல் போதும். ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கி அடிக்கப் போனால் பாதி நேரம் பந்து அங்கேயே இருக்கும், நீங்கள் சுழன்று விழுந்திருப்பீர்கள்.

முதல் ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்பது நல்லது?

ஓரத்து முன்கள இடம். நடுவில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் ஓட்டம் அதிகம். தடுப்பில் தவறு செய்தால் நேரே கோல். ஓரத்தில் நின்று, பந்து இருக்கும் இடத்துக்கெல்லாம் ஓடாமல், உங்கள் ஓரத்தை விட்டு நகராமல் இருந்தாலே அணி உங்களைப் பாராட்டும். புதியவர்கள் ஆறு பேரும் தேனீக்கூட்டம் மாதிரி பந்தை மொய்ப்பதைப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

கோல்கீப்பர் ஆள் கிடைக்கவில்லை என்று உங்களை நிறுத்தினால் மறுக்காதீர்கள். பனியில் அதிகம் ஓட வேண்டாத ஒரே இடம் அது. கொஞ்சம் முன்னே வந்து நில்லுங்கள், அடிப்பவருக்குக் கோல் சிறியதாகத் தெரியும்.

ஒலிம்பிக்கில் இருக்கிறதா?

இல்லை. உலகப் போட்டி இருக்கிறது. முதலாவது 1991இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்தது. 1998 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துவது வழக்கமானது. 2016இல் கனடாவின் ரெஜைனாவிலும் 2018இல் மினசோட்டாவின் பிளெயினிலும் நடந்தது. ஆண்கள், பெண்கள், கலப்பு என்று பிரிவுகள் உண்டு. கலப்புப் பிரிவை நான் மிகவும் விரும்பிப் பார்ப்பேன். உடல் பலத்தைவிடக் காலின் நிதானம்தான் அங்கே அதிகம் பேசும்.

உள்ளரங்கத் தளம் இல்லாவிட்டால் ஆட முடியாதா?

உறைந்த ஏரியிலும் ஆடுகிறார்கள். மிச்சிகனின் ஹௌட்டனில் உள்ள மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் குளிர்காலம் முழுக்கத் திறந்தவெளிப் பனித்தளங்களில் இதைத் திருவிழா மாதிரி ஆடுகிறார்கள். மாஸ்கோவில் வெளிநாட்டுத் தூதரக ஊழியர்கள் டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்துத் தங்களுக்கென்று ஒரு வகை புரூம்பாலை வளர்த்தார்கள்.

இயற்கைப் பனியில் ஆடும்போது பனியின் தடிமனைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்ன பிறகே இறங்குங்கள். கடுங்குளிரில் பந்து இறுகிக் கெட்டியாகும் என்பதால், வெளியில் ஆடுவதற்கென்று தனிப் பந்து விற்கிறார்கள்.

அடி பலமாகப் படுமா?

சிராய்ப்பு, கன்றிப்போன தொடை, பிடித்துக்கொண்ட இடுப்பு, இவை சகஜம். பயப்பட வேண்டியது தலையில் படும் அடிக்கு. தலை மோதிய பிறகு மயக்கம், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. டாக்டரைப் பார்த்த பிறகுதான் மறுபடி தளம். "ஒன்றும் இல்லை, ஆடுகிறேன்" என்று அடிபட்டவர் சொன்னாலும் பெஞ்சில் உட்காரவையுங்கள்.

அடுத்த நாள் காலையில் தொடையின் உட்புறம் வலிக்கும். இருக்கிறதே தெரியாத தசைகள் அங்கே இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கால்களை அகட்டி நீட்டி மடக்கிச் சூடேற்றிக்கொண்டால் கொஞ்சம் குறையும்.

முதல் நாள் என்ன எடுத்துப்போவது?

ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, தண்ணீர், மாற்று உடை. கட்டாயம் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். புரூமை யாராவது தருவார்கள். பத்து நிமிடம் முன்னால் போய், ஓரப் பலகையைப் பிடித்துக்கொண்டு தளத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள்.